விரல் நீட்டிய தலைவர்கள்

"மெக்சிக்கோக்காரன்ர கட்சியைப் படிச்சு நீ என்ன பிள்ளை கிழிக்கப் போறாய்? ஒரு அவுஸ்பில்டுங், தொழிற்பயிற்சி முடிச்சிருந்தால் இப்ப வங்கியில வேலை."

ஜேர்மனியில் எங்கள் ஊர்த் தமிழ்ச் சங்கத்தின் தலைவர், ஆண்டுக் கூட்டம் முடிந்து ரோல்ஸ் தட்டோடு நின்ற என்னிடம் இப்படிக் கேட்டார். பக்கத்தில் நின்ற அப்பா சிரித்துச் சமாளித்தார். வீட்டில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டியவள் நான் ஒருத்திதான்.

அடுத்த மாதம் பல்கலைக்கழகத்தில் என் வாய்மொழித் தேர்வு வந்தது. மெக்சிக்கோவை ஒரே கட்சி எழுபத்தொரு வருடம் ஆண்ட கதைதான் என் ஆய்வு. பதவிக்காலம் முடியும் ஜனாதிபதி விரல் நீட்டுபவரே அடுத்த ஜனாதிபதி. ஆனாலும் தேர்தல் தவறாமல் நடக்கும். தொழிற்சாலைகள் பெருகியதை, உழவருக்கு நிலம் கிடைத்ததை, தொழிற்சங்கங்கள் கட்சிக்குள் அடங்கியதை எல்லாம் தேர்வறையில் ஒப்புவித்தேன்.

பேராசிரியை கண்ணாடியைக் கழற்றினார்.

"இவை உங்கள் ஆய்விலேயே இருக்கின்றன. கட்சிக்குள் முணுமுணுத்தவர்கள் ஏன் எதிர்க்கவில்லை? அதைச் சொல்லுங்கள்."

இங்கே தோற்றால் தலைவர் சொன்னதுதான் சரி என்றாகிவிடும். அப்போது அவருடைய கூட்டமே என் கண்முன் வந்தது.

சொல்லத் தொடங்கினேன். எங்கள் சங்கத்திலும் வருடாவருடம் தேர்தல் உண்டு. தலைவர் வீட்டுக் குசினியில் முதல்நாளே பதவிப் பட்டியல் தயாராகிவிடும். மண்டபத்தில், "ஆருக்கும் மறுப்பு இருக்கோ?" என்று கேட்பார்கள். எல்லோரும் ரோல்ஸ் தட்டைப் பார்ப்பார்கள். ஏகமனதாகத் தெரிவு. ஒருமுறை என் அப்பா மறுத்துப் பேசினார். அடுத்த வருடம் அவர் மேடைப் பொறுப்பாளர். பிறகு அவர் மறுத்ததே இல்லை. அவரை யாரும் மிரட்டவில்லை, மரியாதை கொடுத்தார்கள். மெக்சிக்கோவிலும் முணுமுணுத்தவருக்குப் பதவியும் சலுகையும் கிடைத்தன. எண்ணெய் விலை விழுந்து, கடன் நெருக்கி, அரசு தன் ஆலைகளை விற்றபின் கொடுக்க அதிகம் மிஞ்சவில்லை. ஆட்களைக் கட்டிவைத்த கயிறு அங்கேதான் அறுந்தது.

பேராசிரியை எழுதிக்கொண்டே இருந்தார். அதியுயர் புள்ளி கொடுத்தார்.

வேலை உடுப்போடு நடைக்கூடத்தில் காத்திருந்த அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கோபிப்பார் என்று பயந்தேன்.

"என்ர கதையைச் சொல்லியோ பாஸ் பண்ணினனி?"

"ஓம் அப்பா."

"அப்ப பட்டத்தில பாதி எனக்கு."

தொங்கு ரயிலில் வுப்பர்டால் வீட்டுக்குத் திரும்பும்போது அவர் வெளியே பார்த்தபடி, "அந்த மேடைப் பொறுப்பை விடப் போறன்" என்றார்.

சங்கத்தின் அடுத்த தேர்தலில் தலைவர் பதவிக்கு என் பெயரைக் கொடுத்து, வாக்குச்சீட்டும் பெட்டியும் வேண்டும் என்று நேற்றுப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பிவிட்டேன். முன்மொழிபவர் என்ற இடத்தில் அப்பா கையெழுத்திட்டிருக்கிறார்.