பக்கத்து வீட்டுக்காரி மேல் நான் சொன்ன புகார்

இரண்டு வருடங்களுக்கு முன், ஆடிக் கிருத்திகை முடிந்து எங்கள் திருத்தணியில் கூட்டம் வடிந்திருந்த சமயம் அது. பக்கத்து வீட்டில் ஓர் இலங்கைத் தமிழ்ப் பெண், வயதான அப்பாவோடு குடியிருக்கிறாள். விசாவில் விமானம் ஏறி வந்தவர்கள். விசா காலாவதியான பிறகும் ஊர் திரும்பப் பயந்து, போலீஸ் ஸ்டேஷனில் பதிவு செய்துகொண்டு இங்கேயே தங்கிவிட்டார்கள்.

அவளைக் கண்டாலே எனக்கு ஆகாது. நானும் வீட்டில் ஜாக்கெட் தைப்பவள், அவளும் தைப்பவள். அவள் வந்ததிலிருந்து என் வாடிக்கைக்காரிகள் என் வாசலைத் தாண்டி அவள் வாசலுக்குப் போனார்கள். சரி, அது தொழில். என் மகளுமா? காலையில் தலை பின்னிக்கொள்ள அவளிடம்தான் ஓடுவாள். நான் பின்னினால் வலிக்கிறதாம். என் கணவரோ அவள் கொடுத்தனுப்பும் தேங்காய்ப்பால் சொதியைச் சோற்றில் ஊற்றிக்கொண்டு, “இதுல என்னமோ இருக்குது” என்பார். என் குழம்பில் என்ன இல்லையாம்? எனக்கு வயிறு எரியும்.

அப்போதுதான், பாதுகாப்புக் கேட்டு அவள் போட்டிருந்த மனு தள்ளுபடியாகி, நாட்டைவிட்டு வெளியேறச் சொல்லி உத்தரவு வந்தது.

“அண்ணாவை ஆமிக்காரர் விசாரணைக்கெண்டு கூட்டிக்கொண்டு போனவை, பிறகு விடவே இல்லை அக்கா. நான் போனால் என்னையும் விசாரிப்பினம்” என்றாள். ஊசியில் நூல் கோர்க்க அவளுக்கு வரவில்லை. வாங்கிக் கோர்த்துக் கொடுத்தேன். பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் வீட்டுக்குள் வந்ததும், இவள் போய்விட்டால் தையல் எல்லாம் என்னிடமே திரும்பிவிடும் என்று மனசு கணக்குப் போட்டது. என்ன செய்ய, என் புத்தி அப்படி.

அவள் வக்கீல் அந்த உத்தரவுக்குக் கோர்ட்டில் தடை கேட்டார். கோர்ட் போலீஸிடம் அறிக்கை கேட்டது. விசாரிக்க மஃப்டியில் ஓர் அதிகாரி எங்கள் தெருவுக்கு வந்தார். எல்லாரும் “தங்கமான பொண்ணு சார்” என்று ஒரே மாதிரி சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்கள். என்னிடம் வந்தபோது அவருக்கே சலித்துப்போயிருந்தது.

தங்கமா? ஆரம்பித்தேன் பாருங்கள், நிறுத்தவே முடியவில்லை.

“எங்க வூட்டுக் காவடிக்கு நான்தான் சார் பூ கட்டுவேன். ஒரு வருஷம் டைஃபாய்டு வந்து படுத்துகினு இருந்தேன், இவ கட்டனா. அதோட சரி. இப்ப என் மாமியார் என்னைக் காவடிகிட்டயே விடறதில்ல. ‘அவ கட்டட்டும், நீ தாம்பாளம் கழுவு’ன்றாங்க. வூட்ல யார் யார் இருக்காங்கன்னு ஸ்கூல்ல கேட்டா, எம் பொண்ணு இவளையும் சேத்துச் சொல்லுது. குழாய்ல தண்ணி வந்தா என் கொடத்தையும் இவளே ரொப்பி வெச்சிடறா. நான் என்னா கை இல்லாதவளா? வருஷக்கணக்கா இதே ரோதனை சார்!”

பின்னால் நின்ற மாமியார் தலையில் அடித்துக்கொண்டார். “கெடுத்தியேடி குடிய!”

அதிகாரி சிரித்துவிட்டார். “யம்மா, இதை அப்படியே ஆபீஸுக்கு வந்து சொல்றீங்களா?”

“எதை சார், புகாரையா?”

“ஆங், அதையேதான். நல்லவங்கன்னு எல்லாரும்தான் சொல்றாங்க. இவங்க உங்க வூட்டு ஆளாவே இருக்காங்கன்னு நீங்க ஒருத்தர்தான் சொன்னீங்க.”

எனக்குச் சுருக்கென்றது. போகாமல் இருந்திருக்கலாம், யாரும் இழுத்துக்கொண்டு போயிருக்க மாட்டார்கள். ஆனால் போனேன். அவளும் நானும் அவர் ஆபீஸ் இருக்கும் திருவள்ளூருக்கு ரயில் ஏறினோம். வழியெல்லாம் அவள், “உங்கட மனம் நோகுதெண்டு எனக்குத் தெரியாது அக்கா, இனிமேல் நீங்களே பூக் கட்டுங்கோ” என்று அழுதுகொண்டே வந்தாள்.

“வாய மூடிகினு வா. மொதல்ல நீ இங்க இரு. காவடிச் சண்டைய அப்புறம் வெச்சிக்கலாம்” என்றேன்.

ஆபீஸில் ஒன்று விடாமல் சொன்னேன். சொதியையும் விடவில்லை. வழக்கு முடியும்வரை அவளை அனுப்பக்கூடாது என்று கோர்ட் தடை கொடுத்தது.

வழக்கு இன்னும் முடியவில்லை. தபால்காரர் தெருவுக்குள் திரும்பினால் அவளுக்கு முன்னால் நான்தான் வாசலுக்கு ஓடுகிறேன். பொறாமை கொஞ்சமும் குறையவில்லை. ஆனால் பொறாமைப்படுவதற்காவது அவள் பக்கத்து வீட்டில் இருக்க வேண்டுமே என்கிற பயம் அதைவிடப் பெரிதாக இருக்கிறது.