சாமியார் மூன்று நிமிடம், தங்கத்தாடி இருபது

“உலகத்துலயே நல்ல பீர் எதுன்னு சொல்லு பாப்போம், மருமகளே” என்று அத்தை என்னைக் கேட்டபோது, டாக்டர் அறைக்கு வெளியே எங்களுக்கு முன்னால் ஏழு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஏழு பேரும் திரும்பினார்கள்.

“மெதுவா பேசுங்க அத்தை. எனக்கு எப்படித் தெரியும்?”

“ரெண்டு பாஷையில படிச்சவளாச்சே! சரி, நானே சொல்றேன். சாமியார் பீர்தான்.”

“நீங்க குடிச்சிருக்கீங்களா?”

“ச்சீ. அந்த நாத்தத்தை யாரு குடிப்பா?”

“அப்புறம் எப்படி நல்ல பீர்ங்கறீங்க?”

“வெந்நீர்ல போட்டு மூணே நிமிஷம். ஓரத்துல நகத்தை வெச்சா, வாழைப்பழத் தோலு மாதிரி முழு லேபிளும் கையோட வந்துடும்.”

எதிரே காலில் கட்டோடு இருந்தவருக்கு ஆர்வம் வந்துவிட்டது. “எந்த நாட்டு பீரும்மா அது?”

“பெல்ஜியமாம். இவதான் படிச்சுப் பாத்து சொன்னா.”

ஏழு பேரும் இப்போது என்னைப் பார்த்தார்கள். நான் சுவரில் ஒட்டியிருந்த ‘கைகழுவும் முறை’யைப் படிக்கத் தொடங்கினேன்.

உள்ளே டாக்டர் அத்தையின் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் நகம் இல்லை. நடுவிரல் நகம் பாதி பிளந்திருந்தது. “ஆறு மாசம் காஸ்டிக் சோடாத் தண்ணியில கை வைக்கக் கூடாது” என்றார்.

“அதுவரைக்கும் பாட்டிலை நீங்க வந்து உரிக்கிறீங்களா டாக்டர்?” என்றார் அத்தை. கிண்டலாகக் கேட்கவில்லை. பதிலுக்காகக் காத்திருந்தார்.

அத்தை பாட்டில் கழுவும் கொட்டகையில் பதினேழு வருடமாக வேலை செய்கிறார். ஊரிலுள்ள ஹோட்டல்களிலிருந்து காலி பீர் பாட்டில்கள் அங்கே வரும். சோடா கலந்த வெந்நீர்த் தொட்டியில் ஊறவைத்து, லேபிளை உரித்து, கழுவி, சாஸ் கம்பெனிக்கு அனுப்புவார்கள். ஒரு பாட்டிலில் நகக்கண் அளவு காகிதம் மிச்சமிருந்தாலும் பெட்டி முழுவதும் திரும்பி வந்துவிடும். க்ளவுஸ் போட்டால் லேபிளின் ஓரம் கைக்குப் பிடிபடாது. எனவே நடுவிரல் நகமும் போனால் அத்தையால் உரிக்க முடியாது. உரிக்க முடியாதவருக்கு அங்கே வேறு வேலை இல்லை.

அத்தைக்கு எழுத்துத் தெரியாது. லேபிள் படத்தை வைத்துத்தான் பாட்டில்களை அடையாளம் சொல்வார்; சாமியார் படம் போட்டது சாமியார் பீர். ஜெர்மனி ஆடு கூப்பிட்ட குரலுக்கு வரும். ஜப்பான் கொக்கு வரும், ஆனால் கூழாக வரும். மெக்சிகோவிலிருந்து வரும் ஒன்றில் எழுத்தைக் கண்ணாடியிலேயே அச்சடித்துவிடுகிறார்கள், உரிக்க ஒன்றுமே இல்லை. “அது பீர் இல்லடி, லீவு நாள்” என்பார். மோசமானது தங்கத்தாடி. தாடிக்கார ராஜா படம் போட்ட பிளாஸ்டிக் லேபிள். இருபது நிமிடம் ஊறினாலும் அசையாது, சுரண்டித்தான் எடுக்க வேண்டும். அத்தையின் இரண்டு நகங்களும் அதில்தான் போயின. ஊரில் அதிகம் விற்பதும் அதுதான்.

ஞாயிற்றுக்கிழமைக்கு ஒன்று என்று மாமா குடிப்பதும் அதுதான். மாமா லிஃப்ட் ஆபரேட்டர். “குடிக்கிறவனுக்கு லேபிளா முக்கியம்?” என்று ஒருமுறை கேட்டுவிட்டு, அன்று தன் தட்டைத் தானே கழுவினார்.

டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த வாரம், தங்கத்தாடி கம்பெனிக்குக் கடிதம் எழுதச் சொன்னார் அத்தை. அவர் சொன்னது ஒரே வரி: “பசையை மாத்துங்க, என் விரல் போகுது.” எடுத்த எடுப்பில் அப்படி எழுத எனக்குக் கூச்சமாக இருந்தது. ‘பதினேழு ஆண்டுகளாக உங்கள் பாட்டில்களோடு நெருங்கிப் பழகி வருகிறேன்’ என்று ஆரம்பித்து, அவர்கள் நலம் விசாரித்து, பசையைக் கடைசிப் பத்தியில் வைத்தேன். பள்ளியில் அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

இரண்டு மாதம் கழித்து வேனில் ஒரு பெட்டி வந்தது. ஆறு பாட்டில் தங்கத்தாடி, ஒரு தொப்பி, ஒரு கடிதம். ‘பதினேழு ஆண்டுகால நேசத்துக்கு நன்றி’ என்று இருந்தது. கூடவே ஒரு போட்டி அட்டை. ‘உலகிலேயே உங்களுக்குப் பிடித்த பீர் எது? ஏன்?’

நான் படித்துக் காட்டினேன். மாமா தொப்பியைப் போட்டுக்கொண்டார். “பதினேழு வருஷமா! எனக்குத் தெரியாம என்னடி பண்ணிட்டிருந்த?” என்று கேட்டுக்கொண்டே கண்ணாடி டம்ளர் எடுத்து வந்தார்.

“அத்தை, தப்பு என்மேலதான்” என்றேன்.

“தெரியுது. உக்காரு.”

ஒரு பாட்டிலை எடுத்து, மூடியைத் திறக்காமலேயே வெந்நீர் வாளிக்குள் இறக்கினார்.

“அய்யய்யோ, குடிக்கிறதுக்கு முன்னாடியேவா? சூடாயிடும்டி!” என்றார் மாமா.

“பசையை மாத்தியிருக்காங்களான்னு பாக்கறேன்.”

மாமா டம்ளரோடு நின்றார். இருபது நிமிடம் ஆனது. பசையை மாற்றியிருக்கவில்லை. பாதி பிளந்த அந்த நடுவிரல் நகத்தால் அத்தை மெல்லச் சுரண்டினார். ராஜா ஒன்பது துண்டாக வந்தார். கடைசித் துண்டில் நகத்தின் நுனியும் சேர்ந்து வந்தது. அத்தை விரலை ஒருமுறை வாயில் வைத்து எடுத்தார். பாட்டிலை மாமாவிடம் கொடுத்தார். துண்டுகளைத் துணியில் ஒற்றி, மேசைமேல் வரிசையாக வைத்தார்.

“இந்தத் தடவை நான் சொல்றதை மட்டும் எழுது, மருமகளே. பிடிச்சது சாமியார். ஏன்னு கேட்ட இடத்துல மூணு நிமிஷம்னு போடு. நலமெல்லாம் விசாரிக்காத. கீழ இந்த ஒம்போதையும் ஒட்டி அனுப்பு, நகத்தோட.”

நான் பசை தேடி எழுந்தேன்.

“பசை எதுக்குடி? அப்படியே வை. ஒட்டிக்கும்.”