வாசிக்கப்பட்டதாகக் கொள்ளப்பட்ட கட்டுரை

பாஸ்கலைப் பற்றி அரைப் பக்கம் எழுதித் தாருங்கள் என்று எங்கள் ஆய்வுக் கழகத்திலிருந்து ஆள் வந்தது. இருபதாம் ஆண்டு மலருக்காம். "தன்னலமற்ற தொண்டர், சிரித்த முகம், சிறந்த பண்பாளர்னு நாலு வரி இருந்தாப் போதும் டீச்சர்" என்றார் வந்தவர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மனுஷன் செத்து ஒரு வருஷம் ஆகவில்லை. அதற்குள் யாருடைய படத்துக்குக் கீழேயும் போடக்கூடிய நாலு வரியாக அவரை ஆக்கிவிட்டார்கள். கேட்ட அரைப் பக்கத்தை எழுதிக் கொடுத்துவிட்டேன். அதில் எழுதாததை இங்கே எழுதுகிறேன்.

பாஸ்கல் துறைமுகத்தில் டாலி கிளார்க். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணி, நாலு கோடு போட்டு ஐந்தாவதைக் குறுக்கே இழுப்பதுதான் வேலை. படிப்பு எஸ்.எஸ்.எல்.சி. அவர்தான் வடசென்னைக் கடற்கரை ஆய்வுக் கழகத்தின் செயலாளர். கழகம் தொடங்கிய ஐம்பத்தெட்டிலிருந்து சாகும்வரை அவர் ஒருவரேதான். அறுபது உறுப்பினர்கள். பள்ளி ஆசிரியர்கள், பெரம்பூர் ஒர்க்‌ஷாப் ஆட்கள், ஒரு டாக்டர், கல்லூரி லெக்சரர் இரண்டு பேர். தலைவர் மட்டும் எப்போதும் ஊரின் தெற்குப் பக்கத்திலிருந்து வரும் பேராசிரியராக இருப்பார். ராயபுரத்தில் பாஸ்கல் குடியிருந்த ஒன்றரை அறை வீடுதான் கழக அலுவலகம். நான் தேவகிருபை, தண்டையார்ப்பேட்டைப் பள்ளியில் சரித்திர டீச்சர், கழகத்தின் இணைச் செயலாளர். பட்டம் பெரிதாக இருக்கிறதே என்று யாரும் மலைக்க வேண்டாம். ஆண்டு மாநாட்டில் வாசலில் நின்று பன்னீர் தெளிப்பதுதான் இணைச் செயலாளருக்கு ஒதுக்கப்பட்ட பணி. கழகத்தில் நான் ஒருத்திதான் பெண்.

மாநாடு மாசி மாதத்தில். கார்த்திகை பிறந்ததுமே பாஸ்கலுக்குச் சோறு இறங்காது. ஹால் கேட்கப் போவார், மைக் செட்டுக்கு அலைவார், கட்டுரைகளை வாங்கி ஸ்டென்சில் வெட்டுவார். எல்லாவற்றையும்விடப் பெரிய பாடு அழைப்பிதழ்தான். யார் பெயர் மேலே, யார் பெயர் கீழே, யார் 'தலைமை', யார் 'முன்னிலை' என்று பேராசிரியர்களுக்குள் வரும் சண்டை இருக்கிறதே, அப்பப்பா! ஒரு வருஷம் இரண்டு பேர் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்று நின்றுவிட்டார்கள். பாஸ்கல் டோல்கேட் அச்சகத்தில் இரண்டு விதமாக அழைப்பிதழ் அடித்து, அவரவருக்கு அவரவர் பெயர் முதலில் வருவதைக் கொடுத்துவிட்டு வந்தார். இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் ஏறி, ஒருவர் கையிலிருந்ததை மற்றவர் பார்க்கும்வரை எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. பாஸ்கலின் பெயர் மட்டும் எந்தச் சண்டையும் இல்லாமல் எப்போதும் கடைசி வரியில் இருக்கும். நன்றியுரை: பாஸ்கல், செயலாளர்.

"வூட்டுல தோசைக்கு மாவு கீதோ இல்லியோ, கவர் ஒட்டப் பசை கீது டீச்சர்" என்பார் அவர் மனைவி ஃப்ளோரன்ஸ். சிரித்துக்கொண்டேதான் சொல்வார். பிற்காலத்தில் அந்தச் சிரிப்பும் இல்லை.

அறுபத்தைந்து மாநாட்டில் ஆளாளுக்கு மணிக்கணக்கில் பேசி எல்லாம் தலைகீழாகப் போயிற்று. அடுத்த பொதுக்குழுவில் பாஸ்கல் ஒரு புது விதி கொண்டுவந்தார். விதி பதினொன்று. நேரமின்மையால் வாசிக்க இயலாத கட்டுரை, தலைவரின் அறிவிப்பின் பேரில் வாசிக்கப்பட்டதாகக் கொள்ளப்படும். நடவடிக்கைக் குறிப்பிலும் அப்படியே ஏறிவிடும். எழுதினவருக்கு மனக்குறை இருக்காது. எல்லோரும் மேஜையைத் தட்டினார்கள். நானும் தட்டினேன்.

அறுபத்தெட்டில் அந்த விதி என் தலையில் விழுந்தது. எண்ணூர் உப்பளங்களைப் பற்றி மூன்று கோடை விடுமுறை வெயிலில் நடந்து எழுதியிருந்தேன். மளிகைக் கடையைப் பூட்டிவிட்டு அப்பா வெள்ளை வேட்டியில் வந்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். மாலை நாலு மணிக்குப் பாஸ்கல் என்னிடம் வந்து, "மன்னிச்சிக்கங்க டீச்சர், டைம் இல்ல. வாசிச்சதா வச்சிக்கலாம். குறிப்புல கண்டிப்பா வந்துடும்" என்றார். சரி என்று தலையாட்டினேன். வேறென்ன செய்ய? திரும்பியதும் அப்பா வேட்டியைக்கூட மாற்றாமல் போய்க் கடையைத் திறந்தார். நான் பாஸ்கலை அன்றைக்கு மன்னிக்கவில்லை. மன்னித்ததாக வைத்துக்கொண்டு நாலு வருஷம் அவரோடு வேலை செய்தேன்.

இத்தனைக்கும் நடுவில் பாஸ்கல் தனக்கென்று ஒன்று வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு திருவொற்றியூரிலிருந்து எண்ணூர்வரை குப்பம் குப்பமாகப் போவார். மீனவர்கள் காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் சொல்லும் பெயர்களைக் கேட்டு நோட்டில் எழுதுவார். வாடை, கச்சான், தெண்டி, வன்னி. எந்த மாதத்தில் எது, எது வந்தால் எந்த மீன், எது வந்தால் கட்டுமரத்தை இறக்கக் கூடாது என்று ஒன்பது வருஷம் எழுதினார். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் 'சொன்னவர்' என்று ஒரு கட்டம். மொத்தம் பதினொரு பேர். அதில் முக்கியமானவர் வேலப்பன், பாஸ்கல் வயதுக்காரர். வேலப்பன் மனைவி தாயம்மா மீன் விற்கிறவள். அவளும் ஏழெட்டுச் சொல் கொடுத்திருந்தாள்.

குப்பத்து ஆட்கள் லேசில் வாய் திறக்கிறவர்கள் இல்லை. படித்தவன் நோட்டோடு வந்தால் எதையோ பிடுங்கத்தான் வருகிறான் என்று அவர்களுக்குத் தெரியும். பாஸ்கல் அவர்களுக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். "மாநாட்டுல நானே வாசிப்பேன். இன்ன சொல்லு இன்னார் சொன்னதுன்னு உங்க பேர மைக்குல சொல்லுவேன்." அதை நம்பித்தான் அவர்கள் சொன்னார்கள்.

எழுபத்திரண்டில் செயற்குழு ஒருவழியாக அவருக்கு இடம் கொடுத்தது. அழைப்பிதழில் முதல் தடவையாகப் பாஸ்கலின் பெயர் இரண்டு இடத்தில் வந்தது. பகல் பன்னிரண்டேகால், ஆய்வுரை. கடைசியில் வழக்கம்போல நன்றியுரை. புரூப் பார்க்க என்னிடம் கொண்டுவந்தபோது அந்தக் காகிதத்தை மேஜையில் வைக்க அவருக்கு மனம் வரவில்லை. "எழுத்து கொஞ்சம் சின்னதா கீதோ டீச்சர்?" என்று கேட்டார். பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது.

மாநாட்டன்று காலை ஒன்பது மணிக்கே பதினொரு பேரும் வந்துவிட்டார்கள். நல்ல வாடை அடிக்கிற நாள், கடலில் மீன் பட்டுக்கொண்டிருந்த வாரம். அன்றைய தொழிலை விட்டுவிட்டு, சலவைச் சட்டை போட்டு, தலையைப் படிய வாரி வந்திருந்தார்கள். நான் பன்னீர் தெளித்ததும் தாயம்மா வெட்கப்பட்டுச் சிரித்தாள். அவர்களாகவே கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தார்கள். முன்னால் வந்து உட்காருங்கள் என்று யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

தலைவர் பேராசிரியர் செல்வநாதன் ஒன்பதரைக்கு வர வேண்டியவர், பதினொன்றுக்கு வந்தார். தொடக்கவுரை ஒரு மணி நேரம். அழைப்பிதழில் இல்லாத ஒரு ஆலை முதலாளி திடீரென்று வந்து மேடையேறிவிட்டார். வந்த பெரிய மனிதரைப் பேசவிடாமல் அனுப்பினால் மரியாதையாக இருக்குமா? பேசினார். பன்னிரண்டேகால் இரண்டானது. சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு மூன்றரையானது. பாஸ்கல் ஒவ்வொரு தடவையும் தன் நேரத்தைத் தானே தள்ளிவைத்தார். கேட்பவர்களுக்கெல்லாம், "பரவால்ல சார், நீங்க முடிங்க, என்னுது கடைசில பாத்துக்கலாம்." அட, யாரப்பா உம்மை விட்டுக்கொடுக்கச் சொன்னது! செயலாளராக இருந்து இருந்து, ஒரு நாள்கூடச் செயலாளராக இல்லாமல் இருக்க அவருக்குத் தெரியவில்லை.

நாலரை மணிக்கு ஒருவழியாக அவர் இருபத்தோரு பக்கங்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மைக்கிடம் போனார். பின்பெஞ்சில் வேலப்பன் நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்த நேரம் பார்த்துப் பேராசிரியர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "எனக்கு எழும்பூரில் ஆறு மணிக்கு ரயில். ஏதோ விதி ஒன்று உங்களிடம் உண்டே, நேரம் இல்லாவிட்டால் வாசித்ததாக வைத்துக்கொள்ளலாம் என்று?"

விதிகள் எல்லாம் பாஸ்கலுக்கு மனப்பாடம். ஆனாலும் அவர் மேடை ஓரத்தில் விதிப் புத்தகத்தோடு நின்றிருந்த என்னைப் பார்த்தார். இல்லை என்று சொல்லு, தெரியாது என்றாவது சொல்லு என்று அந்தக் கண்கள் கெஞ்சின. இன்றைக்கும் அந்தப் பார்வை எனக்குத் தெரிகிறது. புத்தகத்தைக் காணோம் என்று நான் சொல்லியிருந்தால் போதும். பத்து நிமிஷமாவது கிடைத்திருக்கும். பதினொரு பெயரைச் சொல்லப் பத்து நிமிஷம்கூட வேண்டாம்.

"இருக்கிறது ஐயா. விதி பதினொன்று" என்றேன். பக்கத்தைப் புரட்டி வாசித்தும் காட்டினேன். எனக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. எதற்கு மறைக்க? வந்தது.

"நம் செயலாளரின் அரிய கட்டுரை வாசிக்கப்பட்டதாகக் கொள்ளப்படுகிறது" என்று பேராசிரியர் அறிவித்தார். எல்லோரும் கைதட்டினார்கள். மற்றவர்கள் தட்டுவதைப் பார்த்துக் கடைசி பெஞ்சில் இருந்தவர்களும் தட்டினார்கள். அதைக் கண்டதும் என் சந்தோஷம் எங்கே போனதென்று தெரியவில்லை.

மைக்கின் முன்னால் நின்றதால் பாஸ்கல் அப்படியே நன்றியுரையைத் தொடங்கினார். தலைவருக்கு நன்றி, ஆலை முதலாளிக்கு நன்றி, ஹால் கொடுத்தவர்களுக்கு, சாம்பார் சாதம் கொடுத்தவருக்கு, மைக் செட்டுக்கு. இதிலாவது சொல்லிவிடுவார் என்று நான் மனசுக்குள் அடித்துக்கொண்டேன். கையிலிருந்த கட்டைப் பிரிக்கக்கூடச் செய்தார். பேராசிரியர் பின்னாலிருந்து, "சுருக்கமா, சுருக்கமா" என்றார். "மற்றும் வருகை தந்த மீனவத் தோழர்கள் அனைவருக்கும்" என்று பாஸ்கல் முடித்தார். பேராசிரியருக்கு டாக்சிக் கதவைத் திறந்துவிட ஓடினார்.

டாக்சி போனபின் வாசலில் வேலப்பன் நின்றிருந்தார். "இன்னா பாஸ்கலு, நம்ம பேரு எப்ப வரும்? அல்லாரும் கெளம்பிகினு கீறாங்களே?"

"ஆச்சி வேலப்பா. வாசிச்சாச்சி."

"எப்ப? நாங்க காத்தாலேந்து அங்கியேதான குந்திகினு கீறோம்!"

"வாசிச்சதா வச்சிக்கிறது. அப்டி ஒரு விதி கீது எங்க கழகத்துல. புக்குல ஏறிடும்."

வேலப்பனுக்குப் புரிந்துவிட்டது. கோபப்பட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். "ஓ" என்றார். தாயம்மாதான் விடவில்லை. "கூடையக் கவுத்துட்டு வந்தேன்யா இன்னிக்கி. எம்பேரு மைக்குல வரும்னு தெருவெல்லாம் சொல்லிகினு வந்தேன். இப்ப போயி இன்னான்னு சொல்றது?" அவர்கள் பஸ்ஸுக்குக்கூட நிற்காமல் வடக்கே நடந்து போனார்கள்.

அந்த வார நடவடிக்கைக் குறிப்பைப் பாஸ்கலே எழுதினார். திரு. பாஸ்கல் அவர்களின் கட்டுரை வாசிக்கப்பட்டதாகக் கொள்ளப்பட்டது. முத்து முத்தான எழுத்து. கீழே நான் கையெழுத்துப் போட்டேன். "தப்பு என்னுதுதான் பாஸ்கல்" என்றேன். "நீங்க இன்னா டீச்சர் பண்ணுவீங்க, விதி கீது" என்றார். திட்டியிருக்கலாம் அந்த மனுஷன்.

அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நானும் வருகிறேன் என்று அவரோடு எண்ணூர்க் குப்பத்துக்குப் போனேன். வேலப்பனிடம் நான் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று எனக்கு. வேலப்பன் கட்டுமரத்தின் நிழலில் உட்கார்ந்து வலைக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். "வா பாஸ்கலு, வாங்கம்மா" என்றார். தாயம்மாவைக் கூப்பிட்டு எங்களுக்கு டீ கொடுக்கச் சொன்னார். மரியாதையில் ஒரு குறையும் இல்லை. நான் வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். அதற்குள் பாஸ்கல் பழக்கத்தில் நோட்டைப் பிரித்துப் பென்சிலை எடுத்துவிட்டார்.

"வேலப்பா, பங்குனி பொறந்தா தெண்டி திரும்பும்னியே, அதுக்கு முன்னாடி ரெண்டு நாளு தண்ணி நிக்கும்ல, அதுக்கு இன்னா பேரு?"

வேலப்பன் வலையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. குரலில் கோபமும் இல்லை.

"சொன்னதா வச்சிக்க பாஸ்கலு" என்றார்.

பாஸ்கல் நோட்டை மூடினார். டீயைக் குடித்துவிட்டு வந்தோம். அதன்பிறகு ஐந்து வருஷம் இருந்தார், ஐந்து மாநாடு நடத்தினார், ஐந்து நன்றியுரை சொன்னார். குப்பத்துப் பக்கம் போகவே இல்லை. அந்த நோட்டு இப்போது என்னிடம் இருக்கிறது. கடைசிப் பக்கத்தில் சொல்லுக்கான கட்டம் காலியாக இருக்கிறது. சொன்னவர் கட்டத்தில் மட்டும் வேலப்பன் என்று எழுதியிருக்கிறது.