எஸ்தர் அக்கா சமையல்கட்டுச் சாவியைக் கொடுத்தார்

சபைச் செயலாளர் வேலைக்குச் சம்பளம் கிடையாது, லீவு கிடையாது, ராஜினாமா கடிதம் கொடுத்தால் "ஜெபிச்சிட்டுச் சொல்லுங்க பிரதர்" என்று கையிலேயே திருப்பித் திணித்துவிடுவார்கள். மலேசியாவில் புக்கிட் பெலண்டோக் பக்கம் செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய எங்கள் சின்னச் சபையில் நான் பட்டதை எழுதுகிறேன். எந்தச் சபையிலாவது, எந்தச் சங்கத்திலாவது இந்தப் பதவியில் மாட்டிக்கொண்டு முழிக்கிறவர்களே, உங்களுக்குத்தான் இது புரியும்.

காரை நகர்த்தப் போனவன்

எங்கள் ஆண்டுக் கூட்டத்தில் எழுதப்படாத சட்டம் ஒன்று உண்டு. மண்டபத்தில் உட்கார்ந்திருப்பவன் "வேணாம்லா, எனக்கு ஷிஃப்ட் வேலை" என்று தலையாட்டித் தப்பித்துக்கொள்வான். வெளியே போனவன் பெயர் பலகையில் ஏறிவிடும். அதனால் தேர்தல் நேரத்தில் எங்கள் ஆட்கள் ஒன்றுக்குக்கூட எழுந்திருக்க மாட்டார்கள்.

எனக்கும் இது தெரியும். ஆனால் செம்பனைப் பழ லோரிக்காரன் என் காருக்குப் பின்னால் நின்றுகொண்டு விடாமல் ஹாரன் அடித்தான். போய் நகர்த்தி வைத்துவிட்டுத் திரும்பினால் எல்லோரும் கை தட்டுகிறார்கள். யாருக்கோ பிறந்தநாள் போல என்று நானும் சேர்ந்து தட்டினேன். பாஸ்டர் என் தோளில் கை போட்டார்.

"கர்த்தர் உங்களைத் தெரிஞ்செடுத்துட்டார் பிரதர். நாங்க சும்மா கையைத்தான் தூக்கினோம்."

மூன்று வருஷ விதி

அதே கூட்டத்தில் இன்னொரு தீர்மானமும் நிறைவேறியிருந்தது. பாட்டுக் குழு, ஞாயிறு பள்ளி, வரவேற்புக் குழு, சமையல் குழு எதுவானாலும் தலைவர் மூன்று வருஷத்துக்கு மேல் இருக்கக் கூடாது. விதி அடுத்தவனுக்குத்தான் என்று நினைத்து ஒருவர் விடாமல் கை தூக்கியிருக்கிறார்கள். வீட்டுக்குப் போய்க் குறிப்பேட்டைப் புரட்டினேன். மற்ற குழுத் தலைவர்கள் எல்லோரும் புதியவர்கள். மாட்டியது ஒரே ஆள். பத்தொன்பது வருஷமாகச் சமையல் குழுவை நடத்தும் எஸ்தர் அக்கா. அவரும் கை தூக்கியிருக்கிறார், பாவம்!

போய்ச் சொல்ல வேண்டியது யார்? வேறு யார், செயலாளர்தான். அக்கா வீட்டுக்காரர் தவறிவிட்டார், பிள்ளைகள் சிங்கப்பூரில். வாரம் முழுக்க அந்த வீட்டில் டிவி ஒன்றுதான் பேசும். ஞாயிறு ஆராதனை முடிந்து எண்பது பேருக்குச் சோறு போடுவதுதான் அவருக்கு வாழ்க்கை. எனக்குத் தேத்தண்ணியும், உருளைக்கிழங்குக் கறி அடைத்துப் பொரித்த கறிபாப்பும் கொண்டுவந்து வைத்தார். நான் மென்று விழுங்கி விஷயத்தைச் சொல்லி முடித்தேன். சேலையில் ஊக்கு போட்டு மாட்டியிருந்த சமையல்கட்டுச் சாவியைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். கோபப்பட்டிருந்தால் தேவலை. கோபமே இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"எனக்குச் சமைக்க மட்டுந்தானய்யா தெரியும். இனிமே நான் அங்க வந்து என்ன செய்ய?"

ஏழு சட்டி பாயசம்

சொன்னபடியே அடுத்த இரண்டு ஞாயிறும் அக்கா வரவில்லை. புதுத் தலைவர் சாம்சன், நீலாய் தொழிற்சாலை ஒன்றில் சூப்பர்வைசர். நல்ல பையன்தான், ஆனால் எல்லாம் வாட்ஸ்அப்பில்தான். "அவரவருக்குச் சுலபமானதைச் செய்து கொண்டுவரவும்" என்று குழுவில் போட்டார். சமையல் குழுவின் ஏழு பேரும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். சோற்றை இன்னொருத்தர் ஆக்குவார் என்று ஏழு பேருமே நினைத்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மேசையில் ஏழு சட்டி சேமியா பாயசம்!

பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். ஒருத்தன் நாலு கிண்ணம் குடித்துவிட்டு, இனி எல்லா வாரமும் சாம்சன் அண்ணனே சமைக்கட்டும் என்றான். இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி உள்ள தேவராஜ் மாமா மட்டும் காலித் தட்டோடு என்னிடம் வந்து நின்றார்.

"யோவ் செயலாளரே, எஸ்தர் இருந்தா எனக்குன்னு தனியா ஒரு தட்டு மூடி வச்சிருக்கும். நீ செயலாளரா, எமனாய்யா?"

சிரிக்க வராதவர்

மாமா திட்டியதில்தான் எனக்குப் புத்தி வந்தது. யாருக்கு இனிப்பு ஆகாது, யாருக்கு மருமகளோடு சண்டை, யார் இரண்டு வாரமாக வரவில்லை, எல்லாம் அக்காவுக்கு அத்துப்படி. அட மடையா, இப்படிப்பட்ட ஆளையா வீட்டில் உட்கார வைத்தாய் என்று என்னை நானே திட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்குக் காரை எடுத்தேன். வரவேற்புக் குழுத் தலைவர் ஜொகூருக்கு வேலை மாறிப் போய், அந்த இடம் காலியாக இருந்தது.

"வாசல்ல நின்னு வர்றவங்களுக்குக் கைகொடுக்கணும், அவ்வளவுதான்கா" என்றேன். சிரித்த முகம் தனக்கு வராது என்றார். சிரிக்க வேண்டாம், எல்லோரையும் எப்போதும்போல விசாரியுங்கள் என்றேன். விடமாட்டேன் என்று கறிபாப் ஆறு தின்னும்வரை உட்கார்ந்திருந்தேன். கடைசியில் அக்கா என்னை முறைத்துப் பார்த்தார்.

"சரி, வரேன். மூணு வருசம் கழிச்சு இதையும் புடுங்க வருவல்ல? அப்ப வெறுங்கையோட வராத, கறிபாப் வாங்கிட்டு வா."

வாசலில் நெரிசல்

முதல் ஞாயிறே கேட்டிலிருந்து ரோடு வரைக்கும் வரிசை. அக்கா ஒருத்தரையும் சும்மா விடவில்லை. "மாத்திரை போட்டியா?" "ஏன்டி இப்படி எளைச்சுட்ட?" "புள்ளை பரீட்சை என்ன ஆச்சு?" ஒவ்வொருத்தரும் பதில் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போக முடிந்தது. பாட்டுக் குழு காலி நாற்காலிகளுக்கு முதல் பாட்டை இரண்டு தரம் பாடியது.

அப்போது ஒரு கார் வந்து நின்றது. பாட்டுக் குழுவோடு மனஸ்தாபப்பட்டு ஒரு வருஷமாக வராத, சி ரூசா ஊர்க் குடும்பம். பாஸ்டர் மூன்று தடவை வீட்டுக்குப் போயும் அசையாதவர்கள். முந்தின நாள் அக்கா போன் போட்டு, "கோவத்தக் கோவத்தோட வச்சுக்க, ஆனா வா" என்று அதட்டியிருக்கிறார். அந்த அம்மா இறங்கியதும் அக்காவைக் கட்டிப்பிடித்து அழுதார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பக்கத்தில் போய், எப்படி இருக்கிறது புது வேலை என்று கேட்டேன். சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அக்கா சொன்னார்:

"பத்தொன்பது வருசமா சமையல்கட்டு ஜன்னல் வழியா இவுங்க தட்டத்தான்யா பாத்தேன். இப்பத்தான் மூஞ்சியப் பாக்குறேன்."

இப்படியாக எங்கள் சபை நிர்வாகம் ஒருவழியாகச் சீர்ப்பட்டு, ஒன்பது மணி ஆராதனை இப்போது ஒழுங்காக ஒன்பதரைக்குத் தொடங்குகிறது.