நீட்டினால் ஆள், மடக்கினால் லாரி

என் மகளுக்கு நான்கு வயது முடிந்திருந்தபோது, சிங்கப்பூரிலிருந்து வந்த என் கணவரின் ஒன்றுவிட்ட அண்ணன் அவளுக்கு ஒரு பொம்மை கொடுத்துவிட்டுப் போனார். ஒரு சாண் உயரம்கூட இல்லாத இயந்திர மனிதன். உடம்பு இரும்பு, கைகள் பிளாஸ்டிக். தலையை மார்புக்குள் அழுத்தி, கைகளைப் பின்னால் திருப்பி, கால்களை முழங்காலில் மடக்கினால் சிவப்பு லாரியாகிவிடும். கால்களை நீட்டினால் 'டக்' என்ற சத்தத்தோடு மறுபடியும் ஆள்.

மகளின் இடது கால் ஒன்றரை வயதில் வந்த காய்ச்சலில் விழுந்துவிட்டது. இளம்பிள்ளை வாதம். அந்தக் காய்ச்சலில் ஊசி போடச் சொல்லித் தூக்கிக்கொண்டு ஓடியவள் நான். ஊசியால்தான் கால் விழுந்தது என்று ஒரு டாக்டர் சொன்னார். போடாவிட்டாலும் விழுந்திருக்கும் என்று இன்னொருவர் சொன்னார். எஸ்.எஸ்.எல்.சி. படித்தவள், இரண்டும் எனக்குப் புரிந்தது. எதை நம்புவது என்றுதான் தெரியவில்லை.

புதுச்சேரி ஆஸ்பத்திரியில் கால் டாக்டர் ஒரு பயிற்சி சொல்லிக்கொடுத்திருந்தார். முழங்காலை மெதுவாக நீட்டி, பத்து எண்ணும்வரை அழுத்திப் பிடிக்க வேண்டும். காலையில் முப்பது, மாலையில் முப்பது.

"விட்டீங்கன்னா பின்னால நரம்பு இறுகிடும்மா. இறுகிட்டா இரும்பு ஷூ மாட்ட முடியாது. மாட்டலன்னா இவ நடக்கறது கஷ்டம்" என்றார்.

வலியில் அவள் கத்துவாள். பக்கத்து வீட்டுக்காரி சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "என்னாத்துக்கு புள்ளையப் போட்டுக் கொல்ற?" என்பாள். எத்தனையோ நாள் பத்து எண்ண வேண்டியதை ஆறோடு விட்டிருக்கிறேன்.

பொம்மை வந்த பிறகு நிலைமை மாறியது. "மொதல்ல அதுக்கு, அப்பறம் எனக்கு" என்று அவளே விதி போட்டாள். நான் பொம்மையின் காலை நீட்டுவேன், டக். பிறகு அவள் காலை நீட்டுவேன். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு அவளே வாயால் "டக்" சொல்வாள். முப்பதும் முடியும். சில நாள் முப்பத்தைந்துகூட. இரண்டு மாதத்தில் முழங்கால் ஏறக்குறைய நேராக வந்தது. அடுத்த முறை ஷூவுக்கு அளவெடுக்கலாம் என்று டாக்டர் சொன்னார்.

என் கணவர் வேலை பார்த்த பீங்கான் யூனிட்டில் ஃபியூஸ் கட்டையும் கொலு பொம்மையும் செய்தார்கள். அவருக்குச் சூளையில் அடுக்கும் வேலை, இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. முதலாளிக்கு வெளிநாட்டு விளையாட்டுச் சாமான் சேர்க்கிற பழக்கம் உண்டு. ஆபீஸ் அறையில் கண்ணாடி அலமாரி நிறைய சாவி கொடுத்தால் ஓடும் ரயில், தாளம் போடும் குரங்கு. மெட்ராஸில் இவரைப் போல் சேர்ப்பவர்கள் சிலர் இருக்கிறார்களாம். முதலாளி என் கணவரிடம் பேச்சுவாக்கில் பொம்மை விஷயத்தைக் கேட்டுவிட்டு, கொண்டுவா, பார்க்கலாம் என்றார். கணவருக்கு அதை மடக்கத் தெரியாது, உடைத்துவிடுவோமோ என்று பயம். அதனால் நானும் மகளைத் தூக்கிக்கொண்டு போனேன்.

முதலாளி நகைக்கடைக்காரர் மாதிரி கண்ணில் லென்ஸ் வைத்துப் பார்த்தார். பாதத்தின் அடியில் இருந்த ஜப்பான் எழுத்தைப் பார்த்தார். திருகாணிகளை எண்ணினார். மார்பில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரை நகத்தால் தடவினார். என்னை மூன்று முறை மடக்கிக் காட்டச் சொன்னார்.

"வந்த அட்டைப் பெட்டி எங்கம்மா?"

"வெந்நீர் அடுப்புல போட்டுட்டேங்க."

"அடப்பாவமே. பாதி மதிப்ப எரிச்சு குளிச்சிருக்கீங்களே!"

என் கணவர் சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு முதலாளி பொம்மையின் இடது காலை ஆட்டிப் பார்த்தார்.

"இந்தக் காலு லொடலொடங்குது."

"அது எக்ஸர்சைஸ் செய்யிற காலு" என்றாள் என் மகள்.

அவர் அவளைப் பார்த்தார். அவள் காலைப் பார்த்தார். பிறகு பொம்மைக்குத் திரும்பினார். பெட்டி இல்லை, கால் தளர்ந்திருக்கிறது, அலமாரிக்கு ஆகாது என்றார். எனக்கு உள்ளுக்குள் நிம்மதி. கிளம்பலாம் என்று நினைத்தேன். அதற்குள் அவர் மோல்டு மேஸ்திரியைக் கூப்பிட்டார்.

"இத அச்செடுத்து வார்த்தா இந்த வருஷம் கொலுவுக்குப் புதுசா இருக்கும். என்ன சொல்ற?"

மேஸ்திரி ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு பொம்மையை வாங்கிப் பார்த்தார். "எந்தப் படியில வைக்கிறது மொதலாளி? ராவணனுக்குத் தொணையாவா?" என்றார். பிறகு சிரிப்பை விட்டுவிட்டு, "இடுக்கு நெறைய இருக்குது. பிளாஸ்டர் உள்ள போச்சுன்னா அப்பறம் இது மடங்காதுங்க" என்றார்.

"களிமண்ண வச்சு அடைச்சிக்கய்யா. சோப்பு தடவு. புதுசா சொல்லிக் குடுக்கணுமா?"

முதலாளி என்னிடம் திரும்பினார். "ஒரு வாரம் இருக்கட்டும்மா. பத்தரமா வந்துரும்."

அது விளையாட்டுச் சாமான் இல்லை, என் மகளுக்கு மருந்து என்று சொல்லியிருக்கலாம். கணவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நிரந்தரம் ஆகும் நேரத்தில் நான் எதையாவது சொல்லி அவர் வேலையைக் கெடுத்துவிடக் கூடாது என்று நினைத்தேன். இப்போது யோசித்தால், நான் கேட்டிருந்தால் அந்த முதலாளி கொடுத்தனுப்பியிருக்கக்கூடிய மனிதர்தான் என்றும் தோன்றுகிறது. யாரும் என்னை வற்புறுத்தவில்லை.

"சரிங்க" என்றேன்.

அன்று மாலை முப்பதில் நான்குகூட முடியவில்லை. "மொதல்ல அதுக்கு" என்று அழுதாள். மரப்பாச்சியை வைத்துப் பார்த்தேன். "இது நீட்டாதும்மா, இது முட்டாளு" என்று தூக்கி எறிந்தாள். மறுநாள் கட்டாயப்படுத்தினேன். அழுது அழுது வாந்தி எடுத்தாள். அதற்கு மறுநாள், ஒரு நாள் விட்டால் ஒன்றும் ஆகாது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். ஒரு வாரம் மூன்று வாரமானது. கணவரிடம் தினமும் கேட்டேன். "வேலை நேரத்துல எப்படிக் கேக்கறது? கேக்கறேன், கேக்கறேன்" என்பார். அவள் தூங்கும்போது நீட்டிப் பார்க்கலாம் என்று உட்காருவேன். எழுந்துவிடுவாளோ என்று கையை எடுத்துக்கொள்வேன்.

மேஸ்திரியே ஒரு மதியம் பொம்மையைக் கொண்டுவந்து கொடுத்தார். வாசலிலேயே நின்றார்.

"அச்சு சரியா வரலம்மா. நான் அப்பவே சொன்னேன்."

மூட்டுகளிலெல்லாம் வெள்ளையாக பிளாஸ்டர் காய்ந்திருந்தது. கால்கள் பாதி மடங்கி நின்றுவிட்டன. ஆளும் இல்லை, லாரியும் இல்லை. மண்ணெண்ணெயில் ஊறப்போட்டேன். ஊசியால் குடைந்தேன். கணவர் சாயந்திரம் வந்து பலமாக இழுத்தார். இடது கால் தனியாக அவர் கையோடு வந்துவிட்டது. மகள் அழவில்லை. "அதுக்கு ரொம்ப வலிச்சிருக்கும்" என்றாள். அதற்குப் பிறகு அவள் காலைத் தொடவே விடவில்லை. தொட்டால் இழுத்துக் கையோடு எடுத்துவிடுவோம் என்று பயந்தாளோ என்னவோ, நான் கேட்கவில்லை.

இன்னும் இரண்டு வாரம் போய், புதுச்சேரிக்குப் போகும் நாள் வந்தது. அன்று கூட்டம். கணவர் வெளியே நின்றார். டாக்டர் முழங்காலை நீட்டிப் பார்த்தார். வரவில்லை. சட்டம் வைத்து அளந்தார். மறுபடியும் அளந்தார்.

"தெனமும் செஞ்சீங்களாம்மா?"

"செஞ்சேங்க."

"ரெண்டு வேளையும்?"

"ஆமாங்க."

அவர் சீட்டில் எழுதிக்கொண்டே சொன்னார். தினமும் செய்தும் இவ்வளவு சீக்கிரம் இறுகியிருக்கிறதென்றால் பயிற்சியால் பயனில்லை. ஆபரேஷன் செய்து நரம்பை நீட்டிவிட வேண்டும். சின்னப் பிள்ளை, மயக்க மருந்து கொடுக்க வேண்டும், வார்டில் சேர்க்கத் தேதி வாங்கிக்கொள்ளுங்கள்.

சீட்டை வாங்கிக்கொண்டு கதவுவரை வந்துவிட்டேன். அடுத்த ஆள் உள்ளே நுழைந்துவிட்டார். இப்போது திரும்பிப் போனால் என்ன நினைப்பார்கள் என்ற யோசனைதான் அப்போதும் முதலில் வந்தது. மகள் என் தோளில் வாயை வைத்துக்கொண்டு சேலையைச் சப்பிக்கொண்டிருந்தாள். திரும்பிப் போய் மேஜைக்கு முன்னால் நின்றேன்.

"சார், நான் செய்யலீங்க. அஞ்சு வாரமா செய்யல."

டாக்டர் பேனாவை வைத்தார். அந்த அறையில் இருந்த எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"படிச்சவங்கதானே நீங்க? மொதல்லயே சொல்றதுக்கு என்ன?"

சீட்டை வாங்கிக் கிழித்துப் போட்டார். ஆபரேஷனுக்கு முன்னால் கட்டு போட்டுப் பார்க்கலாம் என்றார். கொஞ்சம் நீட்டி, பிளாஸ்டர் போட்டு, பத்து நாளில் பிரித்து, இன்னும் கொஞ்சம் நீட்டி, மறுபடி பிளாஸ்டர். நேராகுமா என்று கேட்டேன். பார்க்கலாம் என்றார். கட்டு போடும்போது என்னை வெளியே நிற்கச் சொன்னார்கள். அவள் கத்தியது வராந்தா முழுக்கக் கேட்டது. கணவர், "கட்டு எதுக்கு? என்னா சொன்னாங்க?" என்று கேட்டார். அப்புறம் சொல்கிறேன் என்றேன். இன்றுவரை முழுதாகச் சொல்லவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் அந்தக் கால் எங்கள் இரண்டு பேர் மடியிலும் நீண்டு கிடந்தது. கடலூரில் ஏறிய ஓர் அம்மாள் முன் சீட்டிலிருந்து திரும்பிப் பார்த்தாள்.

"ஐயோ, பச்சப் புள்ள. எங்கம்மா வுழுந்துட்ட?"

"நான் வுழல" என்றாள் என் மகள். "அம்மாதான் நீட்டல."

அந்த அம்மாளுக்குப் புரியவில்லை. சிரித்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள். கணவர் என் பக்கம் பார்த்தார். கட்டு இன்னும் ஈரமாகவே இருந்தது. பஸ் குலுங்கும்போதெல்லாம் அது அசையாமல் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.