குருநகரில் ஜெராட் என்று ஒருவன்

இந்தப் பயணத்துக்குக் காரணம் வாசகர்களாகிய நீங்கள்தான். கள்ளர் கூட்டத்துக்குள் வேஷம் போட்டு நுழையும் பொலிஸ்காரர்கள், பொலிசுக்குள் ஒளிந்திருக்கும் கள்ளர்கள் என்று இருபது படங்களைப் பற்றிப் போன மாதம் எழுதியிருந்தேன். அதன் கீழே ஒருவர், “ஜெராட் அண்ணா, இவ்வளவு எழுதுகிறீர்களே, பொய்ப் பெயரோடு வாழ்வது எப்படி இருக்கும் என்று உங்களுக்கு என்ன தெரியும்?” என்று கேட்டார். அந்தக் கேள்வி என்னை இரண்டு வாரம் தூங்க விடவில்லை. மாசி மாதச் சனிக்கிழமை ஒன்றில் கொழும்புக் கோட்டையில் காலை ஐந்தே முக்கால் ரயிலைப் பிடித்தேன்.

முன்பதிவு செய்த இருக்கைக்கு மூவாயிரத்து இருநூறு ரூபாய் ஆனது. நேரமும் கட்டணமும் அடிக்கடி மாறுகின்றன, கேட்டுக்கொண்டு போங்கள். யாழ்ப்பாணத்தில் இறங்க வேண்டிய நான் இறங்காமல் கடைசி நிலையமான காங்கேசன்துறை வரைக்கும் போனேன். வலைப்பதிவுக்குப் படம் எடுக்க என்று எனக்கு நானே ஒரு சாட்டுச் சொல்லிக்கொண்டேன். உண்மையில், யாழ்ப்பாணக் கரையோரத்திலுள்ள குருநகருக்குப் போகப் பயம்.

காங்கேசன்துறையில் மூடிக்கிடக்கும் சீமெந்துத் தொழிற்சாலையைத் தெருவில் நின்றுதான் பார்த்தேன். நம்முடைய படங்களில் கடைசிச் சந்திப்பு எப்போதும் இப்படியான இடத்தில்தான் நடக்கும். துப்பாக்கியைக் கீழே போட்டுவிட்டு நாயகன் தன் உண்மைப் பெயரைச் சொல்வான். எனக்கு அந்தப் படங்களில் சண்டையைவிடப் பிடித்தது அந்த ஒரு நிமிடம்தான். வருடக்கணக்கில் வேறொருவனாக இருந்தவனுக்கு, தன்னைத் தன் பெயர் சொல்லி யாராவது கூப்பிட மாட்டார்களா என்ற ஏக்கம் இருக்குமே, அதை நன்றாகக் காட்டாத படம் எனக்குப் படமே இல்லை.

அங்கிருந்து யாழ்ப்பாணம் பதினெட்டுக் கிலோமீற்றர். பேருந்தில் ஐம்பது நிமிடம். பேருந்து நிலையத்திலிருந்து குருநகருக்கு ஓட்டோவில் முந்நூறு ரூபாய். ஓட்டோக்காரர் குருநகரில் யார் வீட்டுக்கு என்று கேட்டார். அறை எடுத்திருக்கிறேன், சும்மா பார்க்க வந்தேன் என்றேன். கண்ணாடியில் என்னைப் பார்த்து, “சும்மா பாக்க ஆர் அண்ணை குருநகருக்கு வாறது?” என்றார். வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

இனி நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். பதினான்கு வருடங்களுக்கு முன், குருநகர்க்காரனான என் பல்கலைக்கழக நண்பன் அன்ரனும் நானும் ஒரு குறும்படம் எடுக்கத் திட்டமிட்டோம். வடமராட்சித் தோட்டக்காரக் குடும்பத்துப் பொலிஸ்காரன் ஒருவன், கத்தோலிக்க மீனவனாக வேஷம் போட்டு ஒரு கடத்தல் கூட்டத்துக்குள் நுழைகிறான். கதை எழுத வேண்டியவன் நான். நானோ உடுப்பிட்டிச் சைவக் குடும்பம். கடலோடு எனக்கிருந்த உறவு மீன்குழம்போடு சரி. அன்ரன்தான் வழி சொன்னான், வேஷம் போடுகிறவனைப் பற்றி எழுதுவதென்றால் வேஷம் போட்டுப் பார் என்று. மன்னாரிலிருந்து வந்த தூரத்து உறவு, பெயர் ஜெராட் என்று சொல்லி, அருளப்பு என்ற சம்மாட்டியாரிடம் என்னைச் சேர்த்துவிட்டான். அவருக்கு மூன்று படகுகள் சொந்தமாக இருந்தன.

சனிக்கிழமைகளில் கரையில் வலையிலிருந்து மீன் கழற்றுவேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் குடும்பத்தோடு பூசைக்குப் போவேன். செபங்களை எல்லாம் பாடமாக்கியிருந்தேன். என் உண்மைப் பெயர் அன்ரன் ஒருவனுக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன். படங்களிலும் அதுதானே விதி, ஒரேயொரு அதிகாரிக்குத்தான் உண்மை தெரியும்.

மூன்று மாதத்தில் படத்துக்கான கதையை எழுதி முடித்துவிட்டேன். ஆனால் நான் ஒன்பது மாதம் போனேன். மிச்ச ஆறு மாதமும் சம்மாட்டியாரின் மகள் றெஜினாவுக்காக. பூசை முடிந்து வீடு வரைக்கும் நடக்கிற பத்து நிமிடத்துக்காக நான் கிழமை முழுவதும் காத்திருந்தேன். ஒவ்வொரு முறையும் இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று போவேன். பொய் சொல்லி வீட்டுக்குள் வந்தவன் என்று தெரிந்தால் அவள் முகத்தில் விழிக்க முடியாதே என்று திரும்பி வருவேன். என் வீட்டில் தெரிந்தால் என்ன ஆகும் என்பது வேறு கதை, அந்தப் பயமும் இருந்தது.

ஒருநாள் கரையில் சம்மாட்டியார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “தம்பி, உம்மடை ஞானஸ்நான அத்தாட்சியை ஒருக்கா எடுத்துக்கொண்டு வாரும்” என்றார். கோயிலில் கலியாணம் பேசுவதென்றால் முதலில் கேட்பது அதைத்தான். எனக்கு ஏது அத்தாட்சி? பிடிபட்டேன் என்றே நினைத்தேன். அடுத்த கிழமை கொழும்பில் இருந்தேன். யாருக்கும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. படமும் எடுக்கப்படவில்லை, அன்ரனும் பிறகு நோர்வே போய்விட்டான்.

இந்தப் பயணத்தில், மறுநாள் ஞாயிறு காலை அதே கோயிலில் ஆறரைப் பூசைக்குப் போனேன். வாசலில் தீர்த்தத் தொட்டி. தண்ணீரைத் தொட்டுச் சிலுவை அடையாளம் போட வேண்டும். கை தன்பாட்டில் போய், மூன்று விரலால் நெற்றியில் இடமிருந்து வலமாக இழுத்தது. திருநீறு பூசிப் பழகிய கை.

பின்னால் ஒரு சிரிப்புக் கேட்டது. “இன்னும் பழகேல்லையோ?”

றெஜினா. தலையில் முக்காடு, காதோரம் இரண்டு மூன்று நரை. பூசை முடிந்ததும் படியில் நின்று கதைத்தோம். கணவர் ஐஸ் வியாபாரம், இரண்டு பிள்ளைகள். அப்பா இறந்து இரண்டு வருடம். நான் தலையைக் குனிந்துகொண்டு, உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும் என்று ஆரம்பித்தேன். அவள் கையைக் காட்டி மறித்தாள்.

“முதல் ஞாயிறே நீங்கள் உந்தத் தொட்டியிலை திருநீறு பூசினனீங்கள். அப்பா கண்டிட்டார். அடுத்த கிழமை அன்ரனைப் பிடிச்சு எல்லாம் கேட்டவர்.”

ஒன்பது மாதமும் தெரிந்தா இருந்தது என்று கேட்டேன்.

“எல்லாருக்கும் தெரியும். தானாச் சொல்லட்டும், அதுவரைக்கும் ஒருத்தரும் வாய் திறக்கக்கூடாது எண்டிட்டார் அப்பா.”

பிறகு ஏன் அத்தாட்சி கேட்டார் என்றேன். அவள் கடல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

“என்னட்டை இல்லை எண்டு நீங்கள் சொல்லுறதுக்குத்தான். சொல்லியிருந்தா, உடுப்பிட்டிக்கு வந்து உங்கடை ஆக்களோடை கதைக்கிறதெண்டு இருந்தவர். அதுக்குப் புதுச் சேட்டும் தைச்சு வைச்சவர்.”

அழுதுவிட்டேன். நாற்பது வயதுக்காரன் கோயில் படியில் நின்று அழுததை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் ஒளித்தது போதும். அவள் அழவில்லை. பிள்ளைகளை மறைக்கல்விக்கு அனுப்ப வேண்டும் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். கீழே நின்று திரும்பி, “கவனமாப் போட்டு வாங்கோ, ஸ்ரீகரன்” என்றாள். என் பெயரை அவள் வாயால் கேட்டது அதுதான் முதல் தடவை.

போக நினைப்பவர்களுக்கு: காலை ஐந்தரைக்கே கரைக்குப் போனால் படகுகள் வருவதைப் பார்க்கலாம், ஆனால் ஞாயிறு வேண்டாம், அன்று தொழில் இல்லை. ஆட்களைப் படம் எடுக்குமுன் கேளுங்கள். பூசைக்கு நீளக் காற்சட்டை போட்டுப் போங்கள். அறை ஒரு இரவுக்கு ஐயாயிரம், காலைச் சாப்பாட்டோடு. தீர்த்தத்தை உங்களுக்குத் தெரிந்த மாதிரியே தொடுங்கள், யாரும் கோபிக்க மாட்டார்கள்.

அந்தக் கேள்வி கேட்ட வாசகருக்கு: படங்களில் கூட்டத்தின் தலைவன் உண்மை தெரிந்தும் தெரியாதவன் போல் இருந்தால், கொல்லப் போகிறான் என்றுதான் நான் எப்போதும் எழுதியிருக்கிறேன். மருமகனாக்கிக்கொள்ளக் காத்திருப்பான் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. இந்த வலைப்பதிவிலும் எட்டு வருடமாக ஜெராட் என்றுதான் கையெழுத்துப் போட்டு வந்திருக்கிறேன். அந்தப் பெயரில் என்னை ஒருவருக்குப் பிடித்திருந்தது என்று நம்பியதால்.

ஸ்ரீகரன்,
உடுப்பிட்டி.