ஆறு புழுக்களும் ஒரு பெயரும்

கடல் இல்லாத ஊரில் உட்கார்ந்துகொண்டு கடற்புழுவுக்குப் பெயர் வைப்பது என் தொழில். என்ன வேலை என்று கேட்பவர்களிடம் இதைச் சொன்னால், பாவம் என்று ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

தட்டைப்புழு என்றதும் வயிற்றைத் தடவிப் பார்க்காதீர்கள். இது வயிற்றில் இருக்கும் ஜாதி இல்லை. அரிசி மணியில் பாதி நீளம், காகிதம் போன்ற உடம்பு, ஓரமெல்லாம் ஆரஞ்சுக் கோடு. நான் இருப்பது பெங்களூரில் ஒரு ஆராய்ச்சி நிலையத்தில். புழு இருந்தது தெற்கே ஒரு மீனவ ஊரில், ஒரே ஒரு பாறைக்குழியில். வருடத்தில் சில நாட்கள்தான் கடல் அவ்வளவு தூரம் பின்வாங்கி அந்தக் குழியைக் காட்டும். எனக்கு அதைக் காட்டியவர் சங்கு குளிக்கும் சூசை அண்ணன். அந்த இடத்தில் கல்லைக் கொட்டி அலைத்தடுப்புக் கட்டப் போகிறார்கள் என்றும் அவர்தான் சொன்னார். ஆட்சேபித்து மனுப் போடலாம். ஆனால் "ஒரு புழு இருக்கிறது, காப்பாற்றுங்கள்" என்றா எழுதுவது? மனுவில் போட ஒரு பெயர் வேண்டும். கல் வருவதற்குள் பெயர் வர வேண்டும். யாருக்கும் புரியாத வேலையில் மாட்டிக்கொண்ட சகபாடிகளே, மற்றதை நீங்களே கேளுங்கள்.

ஓசூர் பஸ்ஸில்

ஆறு புழுக்கள் கிடைத்தன. கடல் தண்ணீர் நிரப்பிய டப்பாவில் விட்டு, மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். ஓசூரில் பஸ் மாறி ஏறியபோது உட்கார இடம் கிடைத்தது. டப்பாவைக் கட்டிப் பிடித்திருந்த விதத்தைப் பார்த்து கண்டக்டருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. திறக்கச் சொன்னார். திறந்தேன்.

குனிந்து பார்த்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். வெறும் தண்ணீரும் ஒரு சிப்பி ஓடும்தான் அவருக்குத் தெரிந்தன. சிப்பியில் ஒட்டிக்கொண்டிருந்த ஒன்றை விரலால் காட்டினேன். பக்கத்து சீட்டுக்காரரும் எட்டிப் பார்த்தார். கண்டக்டர் எனக்கு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, ரொம்ப அக்கறையாகச் சொன்னார்: "இதுக்கா சமுத்திரம் வரைக்கும் போனீங்க? எங்க வீட்டு தண்ணி சம்ப்ல வந்து பாருங்க, பக்கெட் பக்கெட்டா அள்ளிக்கலாம்."

சுத்தம்

இது என் தப்பு. யார் மேலும் பழி போட முடியாது.

தட்டைப்புழுவில் எது எந்த இனம் என்பதை வெளித்தோற்றத்தை வைத்துச் சொல்ல முடியாது. உள்ளே இருக்கும் இனப்பெருக்க உறுப்புகளைப் பார்த்தாக வேண்டும். அதற்குப் புழுவை மெழுகில் பதித்து மெல்லிய சீவல்களாகச் சீவ வேண்டும். குடலில் மண்துகள் இருந்தால் சீவல் கிழியும். அதனால் இரண்டு நாள் பட்டினி போட்டுக் குடலைச் சுத்தமாக்குவது வழக்கம். நான் நான்கு புழுக்களைத் தனிக் கிண்ணத்தில் விட்டுப் பட்டினி போட்டேன். பதப்படுத்தும் மருந்து வாங்கும் தாளில் கையெழுத்து வரத் தாமதமானது. வரட்டுமே, இன்னும் சுத்தமாகட்டும் என்று விட்டுவிட்டேன். பன்னிரண்டு நாள் ஆகிவிட்டது.

பட்டினி கிடந்தால் இந்தப் புழு தன் உடம்பையே தின்று சிறுத்துப்போகும். முதலில் கரைவது இனப்பெருக்க உறுப்புகள்தான். இது எனக்குத் தெரியாதா? பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். அப்படியும் செய்தேன். சீவிப் பார்த்தால் நான்கிலும் குடல் பளிச்சென்று இருந்தது. வேறு ஒன்றும் இல்லை. மைக்ராஸ்கோப் முன்னால் அழுதேன். எங்கள் லேப் அட்டெண்டர் முனிரத்தினம், ஓய்வு பெற ஒரு வருடம்தான் பாக்கி, ஏன் அழுகிறேன் என்று கேட்டுப் பொறுமையாக முழுவதும் தெரிந்துகொண்டார். கடைசியில் கன்னடம் கலந்த தன் தமிழில் சொன்னார்: "சாப்பாடு போடாம சும்னே வெச்சிருந்தா, யாருக்கு மேடம் குடும்பம் நடத்தத் தோணும்?"

விருந்தாளி

மீதி இரண்டும் சிப்பி ஓட்டோடு வேறு கிண்ணத்தில் இருந்தன. ஓட்டில் இருந்த பூச்சி பொட்டுகளைத் தின்று கொழுகொழுவென்று இருந்தன. உயிரோடிருக்கும்போதே நிறத்தைப் படமெடுக்க வேண்டும், செத்தால் வெளுத்துவிடும். ஒன்றை விளக்கடியில் வைத்து ஒரு படம் எடுத்திருப்பேன். அந்த நேரம் பார்த்து ஒரு பெரிய அதிகாரி நிலையத்தைச் சுற்றிப் பார்க்க வந்தார். கூடவே பத்துப் பேர். அவருக்கு உயிருள்ள புழுவைக் காட்டு என்று எனக்கு உத்தரவு.

அவர் பார்த்தார், அவரோடு வந்தவர்கள் பார்த்தார்கள், ஒவ்வொருவரும் செல்போனில் எடுத்துக்கொண்டார்கள். விளக்கின் சூட்டில் தண்ணீர் காய்வது எனக்குத் தெரிகிறது. "சார், போதும் சார்" என்று இரண்டு முறை சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. சூடு பட்டால் இந்தப் புழு சுருண்டு, ஓரம் உதிர்ந்து, தண்ணீரோடு தண்ணீராகக் கரைந்துவிடும். கரைந்துவிட்டது. கிண்ணத்தில் ஒரு ஆரஞ்சுக் கலங்கல்தான் மிச்சம். அதிகாரி கடைசியாக இன்னொரு முறை குனிந்து பார்த்து அன்பாக விசாரித்தார்: "ஏம்மா, அசையவே மாட்டேங்குதே, தூங்குதா?"

ஆணா, பெண்ணா

மிஞ்சியது ஒன்று. இனி என் கையை நம்புவதாக இல்லை. தெரிந்தவர் மூலம் ஒரு ஆஸ்பத்திரி லேபில் சொல்லி வைத்தேன். அங்கே சதைத்துண்டுகளைச் சீவும் ஸ்டெல்லா அக்கா பெங்களூர் காக்ஸ் டவுன்காரர். இருபது வருடமாகச் சீவுகிற கை. மெழுகில் பதித்த புழுவைக் கொண்டு போனேன். ஃபாரம் இல்லாமல் எதையும் தொட மாட்டேன் என்றுவிட்டார். நோயாளி பெயர் என்ற இடத்தில் கோடு போட்டேன், பெயருக்காகத்தானே இவ்வளவும்! வயது தெரியாது. ஆணா பெண்ணா என்ற இடத்தில் வந்து நின்றோம். இரண்டும்தான் அக்கா, ஒரே உடம்பில் இரண்டும் இருக்கும் என்றேன்.

சீவல் ஒவ்வொன்றும் அறுபடாத நாடாவாக வந்தது. கண்ணாடித் தகடுகளில் எல்லா உறுப்புகளும் தெளிவாகத் தெரிந்தன. இதுவரை யாரும் எழுதி வைக்காத அமைப்பு, புது இனம்தான். அந்த ஒரு சாயங்காலம் நான் சந்தோஷமாக இருந்தேன். அதற்கு முன்னால், ஃபாரத்தைத் திருப்பிக் கொடுத்து ஸ்டெல்லா அக்கா சொன்னது இது: "ரெண்டும்னா ஒரு ஃபாரத்துல போட முடியாது மேடம், ரெண்டு ஃபாரம் எழுதிக் குடுங்க."

போன்

கட்டுரை எழுதி ஓர் ஆராய்ச்சிப் பத்திரிகைக்கு அனுப்பினேன். ஒரே ஒரு புழுவை வைத்துச் சொல்கிறீர்களே, இன்னொன்று கிடைத்தால் நல்லது என்று பரிசீலித்தவர்கள் எழுதினார்கள். நியாயம்தான். சூசை அண்ணனுக்குப் போன் செய்தேன். கடல் எப்போது வற்றும், எப்போது வரட்டும் என்று கேட்டேன். போன மாதமே லாரி லாரியாகக் கல் வந்து இறங்கிவிட்டதாம். குழி இருந்த இடம் ரோடு மாதிரி ஆகிவிட்டதாம். அக்கம்பக்கத்துப் பாறைகளிலும் எனக்காகத் தேடிப் பார்த்திருக்கிறார். அந்த ஆரஞ்சுக் கோடு எங்கேயும் இல்லை.

நான் அழுவது அவருக்குக் கேட்டிருக்க வேண்டும். பன்னிரண்டு நாள் பட்டினியைப் பற்றியோ விளக்கைப் பற்றியோ அவரிடம் நான் சொன்னதே இல்லை. எனக்குத் தைரியம் சொல்வதற்காகச் சொன்னார்: "வெசனப்படாதீங்கம்மா, நீங்க ஆறு கொண்டு போனீங்கல்லா, அது அங்க பத்திரமா இருக்கும்லா?"

பெயர்

இன்னொன்று கிடைக்க வழியில்லை என்று எழுதிக் கொடுத்தேன். அதையே காரணமாக ஏற்றுக்கொண்டு கட்டுரையைப் போட்டுவிட்டார்கள். பெயர் வந்துவிட்டது. சூசை அண்ணன் பெயரை லத்தீன் வாலோடு சேர்த்து வைத்திருக்கிறேன். அவருக்கு இன்னும் சொல்லவில்லை. சொன்னால் புழுவைப் பார்க்க வருகிறேன் என்பார்.

முனிரத்தினம் இனிப்பு வாங்கி வந்தார். இத்தனை பாடுபட்ட புழுவை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்றார். பெட்டியைத் திறந்து இருபத்திரண்டு கண்ணாடித் தகடுகளையும் மேஜைமேல் வரிசையாக வைத்தேன். ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எதில் தலை இருக்கிறது என்று கேட்டார். நீளவாக்கில் சீவியதால் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கிறது என்றேன். தகட்டைப் பூப்போலத் திரும்ப வைத்துவிட்டுக் கேட்டார்: "அப்போ முழுசா எங்கயுமே இல்லையா மேடம்?"

ஆக, சகபாடிகளே, பெயர் வைத்தாயிற்று. கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கத்தான் யாரும் இல்லை.